அப்லா சபீகாவின் வண்டிக்கு மாற்று மூளை

கைஃபான் ஆறாவது பிளாக்கில் அப்லா சபீகாவின் வீட்டு எண் யாருக்கும் தெரியாது. "வாசல் முற்றத்துல செத்த கார் ஒண்ணு நிக்கும் பாருங்க, அந்த வீடுதான்" என்பார்கள். குவைத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு அப்லா என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு உண்டு, அந்தப் பெயரிலிருந்து ஓய்வு கிடையாது. சபீகா முப்பத்தோரு வருடம் பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடத்தியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லிச் சொல்லியே அவர்களைக் களைப்படைய வைத்துவிட்டார்.

அந்தக் கார் எண்பத்தேழில் வாங்கியது. ஜப்பான் வண்டி, இரண்டே கதவு, வெள்ளை நிறம், டர்போ. சபீகாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. அப்பா செல்லம். கடற்கரைச் சாலையில் சிக்னல் பச்சை விழுந்தால் பக்கத்து வண்டிப் பையன்கள் எல்லாம் பின்னால் நின்று புகையைத்தான் பார்ப்பார்கள். ஒருத்தன் வீடு வரைக்கும் துரத்தி வந்து, இறங்கியது ஒரு டீச்சர் என்று கண்டதும் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். இதை இன்றும் கைஃபானில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

டர்போ வண்டிக்கு வைத்தியம் பார்க்க அன்றைக்கு ஷுவைக் பட்டறைகளில் ஆள் குறைவு. கம்ப்யூட்டர் வைத்த எஞ்சினைக் கண்டாலே பாதிப் பேர் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள், மீதிப் பேர் சுத்தியலைத் தேடுவார்கள். விஷயம் தெரிந்தவன் ஜவ்தத் ஒருவன்தான். குவைத்திலேயே, ஹவல்லியில் பிறந்த பாலஸ்தீனன், முப்பது வயது, ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு மீட்டர். வியாழக்கிழமைதோறும் சபீகா வண்டியை அவனிடம் கொண்டுபோவார். வண்டிக்குக் கோளாறு இருந்ததோ இல்லையோ, வியாழன் வந்தால் கோளாறு வந்துவிடும். துணைக்குத் தம்பி ஜராஹ் பின்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டு வருவான். ஜவ்தத் மீட்டரோடு பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போ அழுத்துங்க அப்லா" என்பான். மூன்று வருடத்தில் அவர்கள் பேசிய காதல் வசனம் மொத்தமே அந்த மூன்று சொல்தான். ஆனால் அது காதல்தான். நான் ஏன் பூசி மெழுக வேண்டும்? இரண்டு பேருக்கும் தெரியும். பின்சீட்டில் சாண்ட்விச் தின்றவனுக்கும் தெரியும்.

தொண்ணூறு ஆகஸ்டில் இராக் ராணுவம் உள்ளே வந்தது. நல்ல வண்டிகள் எல்லாம் வீட்டு வாசலிலிருந்தே வடக்கே போக ஆரம்பித்தன. ஆறாம் நாள் காலையில் ஜவ்தத் கைஃபானுக்கு நடந்தே வந்தான். வண்டி பறிபோகாமலிருக்க அந்த நாட்களில் பலரும் செய்ததுதான். சிலர் சக்கரத்தைக் கழற்றினார்கள், சிலர் பேட்டரியைப் புதைத்தார்கள். ஜவ்தத் பக்கத்து சீட்டின் கால்மாட்டுக்குள் நுழைந்து எஞ்சின் கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்தான். ஒரு நோட்டுப் புத்தகம் அளவு தகரப் பெட்டி.

"இது என்கிட்ட இருக்கட்டும் அப்லா. உங்க வீட்ல வெச்சா தேடி எடுத்துருவானுங்க. பாலஸ்தீனன் வீட்டுல தேட மாட்டானுங்க."

"எப்போ கொண்டு வருவீங்க?"

"ரெண்டு வாரம். நானே வந்து மாட்டறேன்."

பத்து நாள் கழித்து சிப்பாய்கள் வந்தார்கள். சாவியை வாங்கித் திருகித் திருகிப் பார்த்தார்கள். வண்டி கனைத்ததே ஒழியக் கிளம்பவில்லை. கதவில் ஒரு உதை உதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. சபீகா அன்றைக்குச் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவர் அம்மா பயந்து வாயைப் பொத்தினாராம். அந்த வாரமே ஜவ்தத்தின் தாய்க்கு உடம்பு முடியாமல் போய், அவரை அழைத்துக்கொண்டு அவன் தரைவழியாக ஜோர்டானில் அம்மான் நகரத்துக்குக் கிளம்பிவிட்டான். சொல்லிக்கொள்ள வழியில்லை. போர் முடிந்தது, நாடு திரும்பக் கிடைத்தது. ஆனால் பாலஸ்தீனத் தலைவர்கள் இராக் பக்கம் சாய்ந்ததால், பாலஸ்தீனர்களுக்கு இந்த ஊர்க் கதவு சாத்தப்பட்டுவிட்டது. வெளியே போனவர்கள் போனவர்கள்தான், உள்ளே இருந்தவர்களிலும் பாதிக்குமேல் மூட்டை கட்டினார்கள்.

சபீகா காத்திருந்தார். வேறு கம்ப்யூட்டர் வாங்கி மாட்டிவிடலாம் என்று சொன்ன முதல் ஆள் அவருடைய அப்பா. "அதோடது வரும்" என்றார் சபீகா. அப்பா அதற்குமேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்வர ஒரு சாதாரண வண்டி வந்தது. அதை எண்பதுக்குமேல் ஓட்டமாட்டார். வெள்ளை வண்டி முற்றத்தில் போர்வைக்குள் நின்றது. வெள்ளிக்கிழமை தொழுகைச் சத்தம் ஓய்ந்ததும் அப்லா நீளமான ஸ்பானரோடு வந்து, எஞ்சினின் முன்புறச் சக்கரத்தில் மாட்டி, கையாலேயே இரண்டு சுற்று சுற்றிவிடுவார். எஞ்சின் உள்ளே இறுகிப்போகாமல் இருக்க அதுதான் வழி. பௌதிக டீச்சருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்திரண்டு வருடம், ஒரு வெள்ளி தவறியதில்லை. பெட்டியோடு ஜவ்தத் வந்து நின்றால், உங்க எஞ்சின் இறுகிப்போச்சே என்று அவன் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

ஜராஹின் மனைவி லூல்வா வாய்த்துடுக்கு. "அண்ணி, அந்த வண்டிக்குத்தான் மூளை இல்ல. உங்களுக்குமா?" என்று மச்பூஸ் தட்டை வைத்துக்கொண்டே கேட்பாள். சபீகா, "எனக்கு இருந்திருந்தா உன்ன இந்த வீட்டுக்குக் கட்டிக் கொண்டுவர விட்டிருப்பேனா?" என்று சோற்றை எடுத்துப் போட்டுக்கொள்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். லூல்வா கெட்டவள் இல்லை, போர்வையைத் துவைத்துப் போடுகிறவள் அவள்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஜராஹ் அம்மான் பக்கம் போய்வந்தான். திரும்பி வந்து பயணப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான். "ஜவ்தத்தப் பாத்தேன் அக்கா. சர்காவுல கடை போட்டிருக்கான். மூணு பிள்ளைங்க. உன் கம்ப்யூட்டர் இன்னும் அவன்கிட்டதான் இருக்காம். நம்பர் குடுத்தான், வேணுமா?"

"வேண்டாம்."

எத்தனை கூரியர்க் கம்பெனி இருக்கிறது! ஒரு போன் போட்டால் ஒரு வாரத்தில் பெட்டி வந்துவிடும். ஆனால் போன் போட்டுப் பெட்டியைக் கேட்டால், கேட்டது பெட்டியை மட்டும் என்று ஆகிவிடாதா? அவன் அனுப்பாமல் வைத்திருக்கிறான், நான் கேட்காமல் வைத்திருக்கிறேன், இந்த மட்டில் ஒன்று இன்னும் அறுபடாமல் இருக்கிறது. அப்லாவின் கணக்கு அதுதான். மூணு பிள்ளைகள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் கையில் அந்தப் பெட்டி இருக்கிறவரை அவனுக்கும் தன்னைப்போல ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும் என்று நம்பினார்.

போன வருடம் ஜராஹ் மகனுக்காக ஒரு மாடி கட்டினான். முற்றம் போயிற்று, வண்டி தெருவோரத்துக்கு வந்தது. ஒரு காலையில் கண்ணாடியில் ஆரஞ்சு ஸ்டிக்கர். கைவிடப்பட்ட வாகனம், கெடு முடிவதற்குள் அகற்றாவிட்டால் நாங்களே தூக்கிப் போய்விடுவோம் என்று முனிசிபாலிட்டி அறிவிப்பு. 'கைவிடப்பட்ட' என்ற சொல்லைச் சபீகா இரண்டு முறை படித்தார். அறுபதை நெருங்கும் அந்த அம்மாள், தெரு என்றும் பாராமல் நகத்தால் அந்த ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தார். நகம் உடைந்ததுதான் மிச்சம்.

வண்டியைக் கட்டி இழுத்து ஷுவைக்கில் ஹகோப்பின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். ஹகோப் ஆர்மேனியன், ஐம்பது வயது, பழைய டர்போ வண்டிகளுக்கு இன்றைக்கு அவன்தான் கதி. வண்டியைச் சுற்றி வந்தான், எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"அப்லா, இது எப்படி இன்னும் சுத்துது? உங்க காலுல விழணும் போல இருக்கு."

"ஓட வைக்க முடியுமா?"

"டேங்க், குழாய், பெட்ரோல் லைன் எல்லாம் மாத்தணும். அது என் வேலை, விடுங்க. கம்ப்யூட்டர்தான் விஷயம். இந்த வருஷத்து மாடலுக்கு இப்போ எங்கயும் கிடைக்காது. இதே எஞ்சினோட அடுத்த தலைமுறைக்கு வந்தது ஒண்ணு என்கிட்ட இருக்கு. ஜப்பான்லருந்து வண்டிய ரெண்டாப் பொளந்து பாதியா அனுப்பறானுங்கல்ல, அதுல வந்தது. அத மாட்டலாம்."

"அதோட சொந்தக் கம்ப்யூட்டர் ஒருத்தர்கிட்ட இருக்கு."

"அப்போ வரவழைங்க."

சபீகா திரும்பி வண்டியின் கதவைச் சாத்தினார். ஹகோப் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"இங்க பாருங்க அப்லா, எனக்கு நிறுத்தி வைக்க இடமில்ல. ஓடற வண்டியா இருந்தா நம்பர் புதுப்பிச்சு எங்க வேணும்னாலும் நிறுத்தலாம். ஓடாத வண்டின்னா அம்கரா உடைசல் கிடங்குதான். யோசிச்சுச் சொல்லுங்க."

நான்கு நாள் யோசித்தார். வேறு பெட்டியை மாட்டினால் அவன் வரும்போது கையில் கொண்டுவரும் பெட்டிக்கு ஒரு வேலையும் இருக்காது. மாட்டாவிட்டால் அவன் வந்து உட்கார ஒரு வண்டியே இருக்காது. ஐந்தாம் நாள் போன் செய்து, "மாட்டுங்க ஹகோப்" என்றார். வைத்ததும் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். வண்டி கிளம்பாமல் போகட்டும் என்று அந்த அழுகைக்கு நடுவே ஒரு வேண்டுதலும் வைத்தார். தன் எஞ்சினுக்குத் தானே சாபம் கொடுக்கிற நிலைமை.

மூன்று வாரம் கழித்து ஹகோப் கூப்பிட்டான். "மத்ததெல்லாம் முடிஞ்சுது. இன்னைக்குக் கம்பி வேலை ஆரம்பிக்கிறேன். பழசு காத்த ஒரு சின்னக் கதவ வெச்சு அளந்துச்சு, இது அழுத்தத்த வெச்சு அளக்கும். பிளக்கும் வேற. முப்பது நாப்பது கம்பிய ஒவ்வொண்ணா எது எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சு மாத்தணும். கலரெல்லாம் வெளுத்திருக்கும். ரெண்டு நாளாவது ஆகும்" என்றான். சபீகா ஜராஹையும் அழைத்துக்கொண்டு போனார். அவனுக்கும் இப்போது தலை நரைத்து, பின்சீட்டில் மடங்க முடியாத தொப்பை.

ஹகோப் பக்கத்து சீட்டின் கால்மாட்டுப் பலகையைக் கழற்றினான். முப்பத்திரண்டு வருடமாக அதை யாரும் தொட சபீகா விட்டதில்லை. உள்ளே கையை விட்டவன் அப்படியே நின்றான்.

"யா சலாம்! அப்லா, இத யாரு கழட்டினது?"

"ஏன்?"

"இங்க வந்து பாருங்க."

கம்பிக் கட்டின் முனையில் பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் நிறைய கிரீஸ் அப்பி, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. பின்னால் போகிற ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சின்ன அட்டை. தேயிலைப் பெட்டியை விரல் அகலத்துக்கு வெட்டி, துளை போட்டு, மெல்லிய கம்பியால் கட்டிய அட்டைகள். ஒவ்வொன்றிலும் பால்பாயிண்ட் பேனாவில் பொடி எழுத்து.

ஹகோப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். "'நேரா பேட்டரி'... 'சாவி'... 'முதல் சிலிண்டர் பெட்ரோல்'... 'தண்ணீர்ச் சூடு'... அடேயப்பா, எல்லாம் இருக்கு! 'டர்போ வால்வு. புதுக் கம்ப்யூட்டருக்கு இது தேவைப்படாட்டி சும்மா விட்டுடு.' என் ரெண்டு நாள் வேலைய மிச்சம் பண்ணிட்டான் மனுஷன்."

"புதுக் கம்ப்யூட்டருக்கா?" என்றார் சபீகா.

"ஆமா, அப்படித்தான் எழுதியிருக்கு. கழட்டினவனே திரும்ப மாட்டறதா இருந்தா இதெல்லாம் எதுக்கு? பிளக்கப் பிடுங்கிட்டுப் போயிருப்பான், பத்து நிமிஷ வேலை. இது வேற ஒருத்தன் வந்து வேற ஒண்ண மாட்டறதுக்காக எழுதினது. ரெண்டு மணி நேரமாவது உக்காந்து எழுதியிருக்கணும்."

இரண்டு மணி நேரம் என்பது சபீகாவுக்குத் தெரியும். அந்த ஆகஸ்ட் வெயிலில் அவன் வண்டிக்குள் இரண்டு மணி நேரம் படுத்திருந்தான். இரண்டு தடவை எலுமிச்சைச் சாறு கொடுத்தனுப்பினார். அவனுக்குப் போக மனமில்லை, அதனால்தான் நான்கு ஸ்க்ரூவை இவ்வளவு நேரம் கழற்றுகிறான் என்று ஜன்னலில் நின்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில்தான் முப்பத்திரண்டு வருடம் ஓடியிருக்கிறது. நாற்பத்தெட்டில் பாலஸ்தீனத்து லித்தா ஊரைவிட்டுக் கிளம்பும்போது தன் தகப்பனும் ரெண்டு வாரம் என்றுதான் சொன்னார் என்று ஜவ்தத் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். ரெண்டு வாரம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். குவைத்துக்காரிக்குத் தெரியாது, நம்பிவிட்டாள்.

"கடைசியில ஒண்ணு இருக்கு, எர்த் கம்பியில" என்றான் ஹகோப். "'சகோதரா, இத பாடியில கட்டாத, எஞ்சின்லயே கட்டு. இத ஓட்டறவங்க வேகமா ஓட்டுவாங்க.'"

சபீகா அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். எர்த்தை எங்கே கட்டுவது என்று ஹகோப் கேட்டான்.

"எங்க சொல்லியிருக்கானோ அங்கயே கட்டுங்க" என்று ஜராஹ்தான் பதில் சொன்னான்.

அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. மறுநாள் காலையில் சபீகா உட்கார்ந்து சாவியைத் திருகினார். மூன்று சுற்று. பிடித்துக்கொண்டது. ஒரு தும்மல், கொஞ்சம் புகை, பிறகு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. யாருடைய வண்டியிலிருந்தோ வந்த பெட்டி, ஒரு பேச்சும் பேசாமல் வேலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. ஹகோப்பின் ஆட்கள் கை தட்டினார்கள். சபீகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டீயரிங்கை ஒரு குத்துக் குத்தினார்.

"வாயால சொல்லியிருக்கக் கூடாதா? கம்பிகிட்டச் சொல்லத் தெரிஞ்சவனுக்கு என்கிட்டச் சொல்லத் தெரியலயா? ஜராஹ், நம்பரக் குடு!"

ஜராஹ் போனை எடுத்தான், ஆனால் நீட்டவில்லை. "அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு சர்காவுல அவன் முதல்ல கேட்டதே வண்டி ஓடுதான்னுதான். நான்... பிரமாதமா ஓடுது, அக்கா இன்னமும் பறக்கறான்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா?"

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? என் அக்கா உனக்காக வண்டிய மூடி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்னு ஒரு ஆம்பளகிட்ட எப்படிச் சொல்வேன்?"

அவன் சொன்னதில் ஒரு குடும்பத்தின் மானம் இருந்தது. சபீகா போனைப் பிடுங்கிக்கொண்டார். பட்டறையை விட்டு வண்டியை மெதுவாக வெளியே கொண்டுவந்து, துறைமுகச் சுவரோரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் திரும்பக் கிளம்பாதோ என்று பயம். எண்ணை அழுத்தினார். திட்டவேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கில் நின்றது.

"யாரு?" குரல் தடித்திருந்தது. ஆனாலும் அவன்தான்.

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுமுனையில் அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். "அப்லா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"அந்த எஞ்சினத் தெரியாதா எனக்கு?" என்று சிரித்தான். "ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்குது. எப்படி இருக்கீங்க? ஜராஹ் சொன்னான், இன்னமும் அதத்தான் ஓட்டறீங்கன்னு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என்ன ஆனாலும் அப்லா மட்டும் எங்கயோ பறந்துக்கிட்டிருக்காங்கன்னு நெனச்சுப்பேன். எர்த்த எங்க கட்டினாங்க?"

"எஞ்சின்ல. அட்டையில எழுதியிருந்தபடியே."

"பாத்தாங்களா? நல்லது, நல்லது. ஆனா ஐட்லிங் சரியில்ல. கம்ப்யூட்டர் மாட்டின ஆள்கிட்டயே திரும்பக் காட்டுங்க. எப்போ மாட்டினது?"

பொய் சொல்லியிருக்கலாம். தம்பி ஒரு பொய் சொல்லி வைத்திருந்தான், அதன்மேல் இன்னொன்றை அடுக்குவது சுலபம். சபீகா கதவில் இருந்த அந்தப் பள்ளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நேத்து" என்றார்.

"நேத்தா?"

"ஆமா. நேத்து சாயங்காலம்."

அவன் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவனுக்குக் கேட்கட்டும் என்று சபீகா எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்.